புதுப்பிப்பு: நாலாவது சிலிண்டர் கொதித்த கதை

போன வாரம் எழுதியிருந்தேன்: பாளையங்கோட்டை ஷெட்டில் ரேஸ் ட்ராக்குக்குத் தயார் செய்யும் பழைய காரில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப் இரண்டும் புதுசு, ஆனாலும் பத்தே நிமிடத்தில் கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டை (சூடானால்தான் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றச் சொன்னீர்கள். கழற்றினேன், பலனில்லை.

கடைசியில் வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி வந்து பார்த்தார். "ஹெட்டைக் கழத்துல, பாப்போம்" என்றார். ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி; அதற்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் தகடுதான் கேஸ்கெட். அதை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருந்தது. போட்டவன் நான்தான்!

இந்த எஞ்சினில் பம்ப் முன்பக்கம். தண்ணீர் பிளாக்கின் கடைசிவரை ஓடி, அப்புறம்தான் ஹெட்டுக்கு ஏற வேண்டும். அதற்காகவே கேஸ்கெட்டில் பின்பக்க ஓட்டைகள் பெரிசு, முன்பக்கம் சிறிசு. திருப்பிப் போட்டதும் தண்ணீர் பம்ப் பக்கமே மேலேறி ரேடியேட்டருக்குத் திரும்பிவிட்டது. பின்கோடியில் இருக்கும் நாலாவது சிலிண்டர் வெந்தது. பின்பக்கம் பிளாக்கின் பெரிய ஓட்டை இருந்த இடத்தில், கேஸ்கெட் தகட்டில் துரு வட்டமாகப் படிந்திருந்தது.

தண்ணீருக்குப் பதில் கிளைக்கால் (கூலன்ட்டில் கலக்கும் திரவம்) ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சிந்தினால் வழுக்கும், அதனால் பல பந்தயங்களில் தடை. டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றியிருக்கிறேன். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படியும்.

கேஸ்கெட்டைச் சரியான பக்கமாகப் போட்டு, வண்டியின் மூக்கைத் தூக்கி வைத்து, தண்ணீர்ப் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். அரை மணி நேரம் ஓடியும் வெப்பமானி முள் 90 டிகிரியைத் தாண்டவில்லை.