யாழினியின் பல் மருத்துவப் படிப்பு: எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

*செந்தில் (ஹூஸ்டன்):* அக்கா, யாழினி வரும் ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகிறாள். பல் மருத்துவர் ஆவதில் உறுதியாக இருக்கிறாள். கிழக்குக் கடற்கரையில் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் படித்தால் பின்னால் இடம் கிடைப்பது எளிது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

*தாத்தா (திருச்சி):* மீனா, இங்கே நீட் எழுதிய பிள்ளைகள் ஐந்தே ஆண்டில் பி.டி.எஸ். முடித்துவிடுகிறார்கள். அங்கே கல்லூரி நான்கு, பல் மருத்துவம் நான்கு என்று எட்டாண்டு எதற்கு? சென்னையில் படித்தால் பேத்தி என் கண் முன்னால் இருப்பாளே.

*மீனாட்சி (டாலஸ்):* அப்பா, சென்னையில் பி.டி.எஸ். முடித்து வந்த நான், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பிரிவில் இடம் தேடி மறுபடியும் மாணவியாக உட்கார்ந்ததை நீங்களே பார்த்தீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் அப்படி இரண்டு மூன்று ஆண்டு படித்தால்தான் உரிமம் கிடைக்கும்; இடங்களும் குறைவு. இங்கேயே தொழில் செய்யப்போகிற பெண்ணுக்கு அது சுற்றுவழி.

செந்தில், பெயருக்காகப் பணத்தைக் கொட்டாதே. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் பல் மருத்துவ மாணவர்களுக்கு நடுவண் அரசின் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். மீதியை ஈடுகட்டி வந்த கிராட் பிளஸ் கடனும் புதியவர்களுக்குக் கிடையாது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் நான்காண்டுச் செலவு இந்த வரம்பைத் தாண்டிவிடுவதால், இளநிலைப் பட்டத்தில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு டாலரும் பின்னால் உதவும். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

*யாழினி:* அத்தை, எனக்கு உளவியல் பிடிக்கும். உயிரியல்தான் எடுக்க வேண்டுமா?

*மீனாட்சி:* வேண்டியதில்லை, கண்ணு. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைக் கல்லூரிகள் கேட்கும்படி ஆய்வகத்தோடு முடித்தால், பட்டம் எதில் என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கரிம வேதியியலை மட்டும் மற்றக் கடினமான பாடங்களோடு ஒரே பருவத்தில் அடுக்காதே; பலருடைய மதிப்பெண் சரிவது அங்கேதான். அறிவியல் பாடங்களின் சராசரியைத் தனியாகவும் கணக்கிடுவார்கள். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி.யின் மதிப்பைச் சில பல் மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை, ஆகவே வேதியியலைக் கல்லூரியிலேயே படித்துவிடு.

*கவிதா:* அண்ணி, பதினொன்றாம் வகுப்பில் சமுதாயக் கல்லூரி மூலம் எடுத்த வரலாற்றுப் பாடத்தில் இவளுக்கு 'பி' வந்தது. அது பள்ளிக் கணக்கோடு போய்விடும் அல்லவா?

*மீனாட்சி:* போகாது, கவிதா. பள்ளிக் காலத்தில் படித்திருந்தாலும் அது கல்லூரி மதிப்பெண்தான். விண்ணப்பத்தில் அந்த மதிப்பெண் பட்டியலையும் கேட்பார்கள். ஒரு 'பி'யால் குடி முழுகிவிடாது.

*யாழினி:* பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான டாட்டை எப்போது எழுதுவது?

*மீனாட்சி:* 2029 மே மாதம் விண்ணப்பம் திறக்கும் என்று வைத்துக்கொண்டால், கரிம வேதியியல் மனத்தில் பசுமையாக இருக்கும் இரண்டாமாண்டுக் கோடையிலோ, பிந்தினால் மூன்றாமாண்டு முடிவதற்குள்ளோ எழுதிவிடு. உயிரியலும் வேதியியலும் நீ வகுப்பில் படித்தவைதாம். புதிதாகப் பழக வேண்டியது 90 கேள்விகளுக்கு 60 நிமிடம் தரும் காட்சித்திறன் பகுதி. தாளை மடித்துத் துளையிட்டுப் பிரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும், நான்கு கோணங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை எப்படி வரிசைப்படுத்துவது என்றெல்லாம் கேட்பார்கள்.

*செந்தில்:* விண்ணப்பம் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒன்றுதானா, அக்கா?

*மீனாட்சி:* இரண்டு. ஹூஸ்டன், சான் அன்டோனியோ, டாலஸ், எல் பாசோ ஆகிய நான்கு டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்பம்; வெளி மாநிலங்களுக்கு ஆட்சாஸ் என்ற விண்ணப்பம். அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலான இடங்கள் நம் மாநிலத்தவருக்கே என்பதால் முதல் குறி அங்கே இருக்கட்டும். இந்தக் கோடையில் என் கிளினிக்கில் வந்து உட்கார்ந்து வேலையைக் கவனி, யாழினி. ஆனால் அத்தையிடம் மட்டும் பார்த்தால் போதாது, குழந்தைப் பல் மருத்துவர் ஒருவரையும் பல் சீரமைப்பவர் ஒருவரையும் நீயே தேடிக் கேள். பரிந்துரைக் கடிதம் நான் தர முடியாது, உறவினர் கடிதம் செல்லாது.

*தாத்தா:* அப்படியானால் பேத்தி பல் மருத்துவர் ஆக 2034 ஆகிவிடும். என் பல்செட் அதுவரை தாங்க வேண்டும்.

*செந்தில்:* ஆஸ்டின், ஹூஸ்டன் அரசுப் பல்கலைக்கழகங்கள் இரண்டின் செலவையும் தனியார் பல்கலைக்கழகத்தின் செலவோடு எழுதி ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன், அக்கா.

*மீனாட்சி:* போடு. உதவித்தொகை கழித்த தொகையை எழுது. விடுதிச் செலவை விட்டுவிடாதே.