புதுப்பிப்பு: பழைய ஆன்ஷூட்ஸ் ரைஃபிளில் மேலும் கீழுமாகச் சிதறல்

என் பழைய ஆன்ஷூட்ஸ் மேட்ச் 54, .22 ரைஃபிளில் (இலக்குச் சுடும் போட்டிக்கான ஜெர்மன் துப்பாக்கி) குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறுவதாக எழுதியிருந்தேன் அல்லவா? காரணம் கிடைத்துவிட்டது. பலரும் சந்தேகப்பட்ட பேரல் (குழல்) நன்றாகவே இருக்கிறது. உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டைப் பிரித்தார். உள்ளே பழைய கிரீஸ் மெழுகு போல இறுகி, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்து வைத்திருந்தது. அந்தப் பின்னைத் தள்ளும் ஸ்பிரிங்கும் தளர்ந்து குட்டையாகியிருந்தது. அடி பலவீனமானால் தோட்டாவின் விளிம்பிலுள்ள மருந்து ஒரே சீராகப் பற்றாது, குண்டின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். 50 மீட்டரில் அது உயரத்தில்தான் தெரியும்.

புது ஸ்பிரிங், துளி மெல்லிய எண்ணெய், அவ்வளவுதான். இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் 10.4 மி.மீ.; இப்போது குண்டுகள் அங்கேயே சேர்ந்து விழுகின்றன.

அப்புறம், ஸ்டாக் பெட்டிங்கை (துப்பாக்கியின் இரும்புப் பகுதி மரக்கட்டையில் பொருந்தி உட்காரும் இடம்) இப்போதைக்குத் தொடப் போவதில்லை. அந்த வால்நட் கட்டையைத் தேவையில்லாமல் செதுக்க எனக்கு மனம் வரவில்லை.