சிறு கண்ணாடிகள் நிறைந்த ஜன்னல்கள்: நாளிதழ்த் தாளா, வழிக்கும் ரப்பரா?

வாசிப்பறைப் பொறுப்பாளர் எழுதியது:

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்ப் பனையான செம்பனையை நட்ட பிறகு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ஒரு துரை பங்களாவை, அதாவது தோட்ட மேலாளரின் பழைய வீட்டை, எங்கள் குழு பிள்ளைகளுக்கான வாசிப்பறையாக மாற்றி நடத்தி வருகிறது. அதில் 14 ஜன்னல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மரச்சட்டங்களுக்கு நடுவே 24 சிறு கண்ணாடிகள். ஆக 336 கண்ணாடிகள், உள்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்த்தால் 672 பக்கங்கள். ஒரு கண்ணாடி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலமும் 28 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். செம்மண் சாலையின் தூசியும், செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரிக்கும் ஆலைக் கொதிகலனின் கரியும் ஆண்டு முழுவதும் வந்து படிகின்றன.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் நான்கு பேர் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிவரை நாளிதழ்த் தாளால் துடைத்தோம். வேலை முடிந்து வெளியே வந்தபோது சாய்ந்த வெயில் ஜன்னல்மேல் பட்டது. ஒவ்வொரு கண்ணாடியின் நடுவிலும் தெளிந்த ஒரு வட்டம். நான்கு மூலைகளிலும் பழைய அழுக்கு அப்படியே. முட்டை அடுக்கிய அட்டைபோல் இருந்தது. இவ்வாண்டு இதைவிடக் குறைந்த நேரத்தில், இதைவிட ஒழுங்காகச் செய்வது எப்படி என்று அனுபவம் உள்ளவர்கள் கூறுங்கள்.

பால்மரத்தார் எழுதியது:

தம்பி, என் தகப்பனார் ஒரு துரை பங்களாவில் வேலை பார்த்தவர். இத்தகைய ஜன்னல்களைத் துடைத்தே என் பள்ளி விடுமுறைகள் கழிந்தன. மழைநீர் அரை வாளி எடுத்து, கடையில் நாம் சூக்கா என்று கேட்டு வாங்கும் வினிகர் ஒரு குவளை ஊற்றுங்கள். நாளிதழ்த் தாளைக் கசக்கி நனைத்துத் தேய்த்து, உலர்ந்த தாளால் மீண்டும் ஒரு முறை துடைத்தால் போதும். தாளில் துணியைப்போல் பஞ்சு உதிராது. ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று ஒரே கண்ணாடியைத் துடைக்க வேண்டும். உள்ளே நிற்பவர் பக்கவாட்டிலும், வெளியே நிற்பவர் மேலிருந்து கீழாகவும் கையை ஓட்டினால், மிஞ்சும் கோடு எந்தப் பக்கத்தது என்று கோட்டின் போக்கே காட்டிக் கொடுத்துவிடும். உங்கள் மூலைகள் அழுக்காக நின்றதற்குத் தாள் காரணமன்று, விரல் நுனியை மூலைக்குள் செலுத்தாமல் முழுக் கையையும் வைத்துத் தேய்த்ததே காரணம்.

ஒரு சிறு குறை உண்டு. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்ற பிறகு எங்கள் வீட்டில் கண்ணாடி துடைக்கத் தாள் சேர்வது பாதியாகிவிட்டது; இப்போது பேரப்பிள்ளைகள் செய்தியைக் கைப்பேசியில் படிக்கிறார்கள், கைப்பேசியால் கண்ணாடி துடைக்க முடியாது.

ஈப்போ கண்ணாடிக்காரன் எழுதியது:

ஐயாவின் மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்த முறையை நான் ஏற்கவில்லை. கடை முகப்புகளையும் பழைய கட்டடங்களையும் துடைப்பதே என் தொழில். கசக்கிய தாளுக்கு மூலை என்பதே கிடையாது, அது உருண்டை. உருண்டையைச் சதுரத்துக்குள் சுழற்றினால் வட்டம்தான் தெளியும். பொறுப்பாளர் கண்ட முட்டை அட்டை தவறான கைவேலையால் வந்ததன்று, கருவியால் வந்தது.

இதற்கு உரிய கருவி வழிக்கும் ரப்பர். 1936-இல் கலிபோர்னியாவில் எட்டோரே ஸ்டெக்கோனி என்னும் ஜன்னல் துடைப்பவர் உருவாக்கிய, ஒற்றை ரப்பர் பட்டை கொண்ட பித்தளைக் கருவியின் வடிவத்தைத்தான் இன்றும் நாங்கள் கையாளுகிறோம். கடையில் கிடைக்கும் அளவு உங்கள் கண்ணாடிக்குப் பொருந்தாது என்பதால் பலர் அதைக் கைவிடுகிறார்கள். 25 சென்டிமீட்டர் உள்ளதை வாங்கி, இரும்பு அறுக்கும் வாளால் உலோகப் பட்டையைக் கண்ணாடியின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாக அறுத்து, அறுத்த முனையை அரத்தால் மழுக்குங்கள். ரப்பர் மட்டும் இரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நீண்டிருக்க வேண்டும். பழைய தச்சு வேலையில் எல்லாக் கட்டங்களும் ஒரே அகலத்தில் இரா. ஆகவே மிகக் குறுகிய கட்டத்தை அளந்து வெட்டுங்கள்.

வேலை இப்படி நடக்கும்: வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நான்கைந்து சொட்டுதான், அதற்கு மேல் ஊற்றினால் சோப்பே படலமாக நிற்கும். நன்றாகப் பிழிந்த கடற்பஞ்சால் ஒரு வரிசைக் கண்ணாடிகளை ஈரமாக்குங்கள். கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு விரலகலத்தைத் துணியால் உலர்த்திவிட்டு, ரப்பரை அங்கே ஊன்றி ஒரே இழுப்பில் கீழே கொண்டு வாருங்கள். இழுப்பு முடிந்ததும் ரப்பரைத் துணியில் துடைக்க வேண்டும். இதை மறந்தால் அடுத்த கண்ணாடியில் கோடு விழும். கடைசியில் துணியை விரல் நுனியில் சுற்றிக் கீழ்விளிம்பில் ஒரு முறை ஓட்டினால் அந்தக் கண்ணாடி முடிந்தது. ஒரு பக்கத்துக்கு 15 வினாடி என்று வைத்தால் 672 பக்கங்களுக்கு 2 மணி 48 நிமிடம். ஐயா சொன்ன முறையில் அந்த நேரத்தில் நான்கு ஜன்னல்கூட முடியாது.

பால்மரத்தார் எழுதியது:

15 வினாடி உங்கள் கைக்கு, தம்பி. அந்தக் குழுவில் இருப்பவர்கள் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும்.

இன்னொன்றையும் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. உருகிய உலோகத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல்தான் உலகுக்கு அறிவித்தது. அதற்கு முந்திய ஜன்னல் கண்ணாடியில் அலை இருக்கும். தலையை மெல்ல அசைத்துப் பார்த்தால் வெளியே நிற்கும் செம்பனை வளைந்து நெளியும். அத்தகைய மேட்டிலும் பள்ளத்திலும் நேரான ரப்பர் குதித்துக் குதித்துப் போகும், பள்ளத்தில் தண்ணீர் தங்கும். தாள் பள்ளத்துக்குள் இறங்கித் துடைக்கும். நேர்கோடு எல்லா இடத்திலும் வெற்றி பெறாது.

ரப்பரைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுப்பதுதான் வேடிக்கை. 1877-இல் கோலகங்சாரில் முதல் கன்றுகள் நடப்பட்ட ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்து, விடியுமுன் மங்கு என்னும் பால் கிண்ணத்தைத் துடைத்து ரப்பர்ப் பால் எடுத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள்.

லயத்துமகள் எழுதியது:

இரண்டு பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பழைய மர ஜன்னலில் முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பட்டி. அது சுண்ணாம்புக் கட்டித்தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்தது. புதிதாக இருக்கும்போது எண்ணெய் அதைக் காக்கும். வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டால் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வெளிப்பட்டு நிற்கும். அமிலம் சுண்ணாம்பை அரிக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அரை வாளியில் ஒரு குவளை வினிகர் ஊற்றி, ஆண்டுதோறும் சொட்டச் சொட்டத் தேய்த்தால், கண்ணாடி பளபளக்கும்போது பட்டி பொடியாக உதிரும். ஆகவே பால்மரத்தார் ஐயாவின் கலவையை நான் எதிர்க்கிறேன்.

ஈப்போ அண்ணனிடமும் ஒரு குறை உண்டு. மூலையில் ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டைப் பிளேடால் சுரண்டுவது தொழில்முறைத் துடைப்பவர்கள் பலரின் வழக்கம். பட்டியைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் கண்ணாடிமேல் ஏறியிருக்கும் அந்தப் பெயிண்ட் அழுக்கன்று. மழைநீர் பட்டிக்குள் இறங்காமல் தடுப்பதற்காகப் பெயிண்டர் வேண்டுமென்றே விட்டது. அதைச் சுரண்டி எடுத்தால் வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் கீழ்ச்சட்டம் ஊறத் தொடங்கும். மேலும் இவ்வளவு பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகச் சுரண்டுவதோ உப்புத்தாளால் தேய்ப்பதோ பிள்ளைகள் புழங்கும் இடத்தில் கூடவே கூடாது.

என் முறை வேறு. தண்ணீரைத் தொடுவதற்கு முன், மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் எல்லாக் குறுக்குச் சட்டங்களின் மேல்முகத்தையும் மூலைகளையும் துலக்கி எடுக்க வேண்டும். ஒரு ஜன்னலில் 24 கண்ணாடிகள் என்றால் 24 குட்டி அலமாரித் தட்டுகள்; ஒவ்வொன்றிலும் செம்மண் தூசி. அதை விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் தூசி சேறாகி, நீங்கள் துடைத்து முடித்த கண்ணாடிமேலேயே வழியும். அதன் பிறகு ஈரமான மைக்ரோஃபைபர் துணி ஒன்று, உலர்ந்தது ஒன்று போதும். துணியை மூன்று முறை மடித்தால் எட்டு மடிப்பாகும். முன்னும் பின்னும் புரட்டி விரித்து மடித்தால் பதினாறு சுத்தமான முகங்கள் கிடைக்கும்.

நிழற்குடை எழுதியது:

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நாக்கோ, அதாவது திருப்பித் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல், மாட்டினால் என்ன?

லயத்துமகள் எழுதியது:

நாக்கோவில் கண்ணாடிப் பட்டை ஒவ்வொன்றுக்கும் இரு பக்கம், நடுவில் விரல் நுழையாத இடைவெளி, பழகப் பழக உடையும் அலுமினியக் கவ்விகள். துடைக்கும் வேலை குறையாது.

செம்பனைச்சாரல் எழுதியது:

இந்த விவாதமே தேவையற்றது என்று கருதுகிறேன். உப்புகள் அனைத்தும் நீக்கப்பட்ட தூய நீரை நீண்ட கம்பத்தின் நுனியில் உள்ள பிரஷ் வழியாகப் பாய்ச்சிக் கழுவும் முறை இப்போது பரவலாக உள்ளது. அந்த நீரில் கரைந்த பொருள் எதுவும் இல்லாததால் துடைக்க வேண்டாம், தானாகவே கறையின்றி உலரும். ஏணியும் வேண்டாம். வெளிப்பக்கம் முழுவதையும் ஒரே ஆள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

ஈப்போ கண்ணாடிக்காரன் எழுதியது:

என்னிடமே அந்தக் கம்பம் இருக்கிறது. இருந்தும் இந்தக் கட்டடத்துக்கு அதைக் கொண்டு வர மாட்டேன். தூய நீர் தன்னளவில் கறை விடாது என்பது உண்மை, ஆனால் மேல்சட்டத்தின் வெளுத்துப்போன பெயிண்டையும் பட்டியின் பொடியையும் கரைத்துக்கொண்டு வரும் நீர் தூய நீராக இராது. புதிய அலுமினியச் சட்டத்துக்கு அது சரி. வெடித்த பட்டிக்கு அத்தனை தண்ணீர் ஆபத்து.

லயத்துமகள் சொன்ன பிளேடு விஷயத்தில் நான் வாதாடப்போவதில்லை. நானும் சில இடங்களில் சுரண்டியிருக்கிறேன். அதன் காரணத்தை இன்றுதான் இவ்வளவு தெளிவாகப் படிக்கிறேன். வினிகரைப் பொறுத்தவரை முழுவதும் விலக்க வேண்டியதில்லை. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் பகுதிக் கிணற்று நீர் பட்டுக் காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் சோப்புக்கு அசையா. அந்தப் புள்ளியின்மேல் மட்டும், பட்டியில் படாமல், வினிகர் தொட்ட துணியை வைத்து எடுத்தால் போய்விடும். ஆனால் சட்டத்தில் பூஞ்சை என்று பிளீச் தெளித்த இடத்தில் வினிகரைக் கொண்டு போகாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

வாசிப்பறைப் பொறுப்பாளர் எழுதியது:

இரண்டு நாள்களாக அனைவரின் கருத்துகளையும் படித்துவிட்டு, நேற்று வடக்குப் பக்கத்தின் இரண்டு ஜன்னல்களில் சோதித்துப் பார்த்தோம். இரண்டிலும் முதலில் லயத்துமகள் சொன்னபடி பிரஷ்ஷால் தூசி துலக்கினோம். ஜன்னலுக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று, கீழே விழுந்த செம்மண்ணை முறத்தில் அள்ள வேண்டியிருந்தது.

முதல் ஜன்னலைத் தாளாலும் வினிகர் கலக்காத மழைநீராலும் இருவர் 35 நிமிடத்தில் முடித்தனர். ஆள் கணக்கில் 70 நிமிடம். இரண்டாவது ஜன்னலில், அறுத்த ரப்பரை வைத்துக்கொண்டு, இதற்கு முன் அதைத் தொட்டே பார்க்காத ஓர் இளைஞர் தனியாக 31 நிமிடத்தில் முடித்தார். 15 வினாடி அல்ல, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 39 வினாடி. முதல் ஆறு கண்ணாடிகளில் ரப்பரைத் துடைக்க மறந்து, கோடு விழுந்து, திரும்பச் செய்தார்.

முடிவு ஒரு தரப்புக்கு முழுமையாகச் சாதகமாக இல்லை. சமதளமான கண்ணாடிகளில் ரப்பர்தான் மூலைவரை தெளிவு. ஆனால் அந்த ஜன்னலில் அலையோடும் பழைய கண்ணாடிகள் ஐந்து இருந்தன. அவற்றின் நடுவில் நாக்கு வடிவில் ஈரம் தங்கிக் காய்ந்து கறையாயிற்று, பிறகு துணியால்தான் சரிசெய்தோம். பால்மரத்தார் ஐயா சொன்னது அப்படியே நடந்தது.

இந்தக் கணக்குப்படி 14 ஜன்னல்களுக்கு, தூசி துலக்குவதையும் சேர்த்து, ரப்பருக்கு ஆள் கணக்கில் 560 நிமிடம். தாளுக்கு 1,106 நிமிடம். ரப்பரையே முதன்மையாக வைத்து, அலைக் கண்ணாடிகளைத் துணிக்கு விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

பால்மரத்தார் எழுதியது:

கணக்கு சரி, ஆனால் ஒரு கேள்வி. தாளுக்கே 1,106 நிமிடம் என்றால், நான்கு பேருக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகாது. சென்ற ஆண்டு அதே நான்கு பேர் எட்டு மணி நேரம் என்ன செய்தீர்கள்? மீதி நேரம் எங்கே போயிற்று?

வாசிப்பறைப் பொறுப்பாளர் எழுதியது:

ஏணி ஒன்றுதான் இருந்தது, ஐயா. மேல்வரிசைக்கு ஒருவர் ஏறினால் மற்ற மூவரும் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தோம்.

பால்மரத்தார் எழுதியது:

அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆக, தாளின்மேல் சுமத்திய பழியில் பாதி ஏணிக்கு உரியது. ரப்பரை எடுத்தாலும் ஏணி ஒன்றே என்றால் மீண்டும் மாலை நான்கு மணிதான். என் வீட்டில் இரண்டு ஏணிகள் உள்ளன, சனிக்கிழமை காலை ஏழரைக்கு லாரியில் கொண்டு வருகிறேன். மேற்குப் பக்கத்தில் தொடங்குங்கள். நண்பகல்வரை அங்கே வெயில் வராது, சோப்புத் தண்ணீர் வழிக்குமுன் காயாது. கிழக்குப் பக்கத்துக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு போகலாம். அலைக் கண்ணாடிகள் எத்தனை இருக்கின்றன என்று முன்னதாக எண்ணி, ஒவ்வொன்றின் மூலையிலும் சாக்குக்கட்டியால் ஒரு புள்ளி வையுங்கள். அவற்றை நான் தாளால் துடைக்கிறேன், துணியால் அன்று.

ஈப்போ கண்ணாடிக்காரன் எழுதியது:

சாக்குக்கட்டிப் புள்ளியைக் கண்ணாடியில் வைக்காமல் சட்டத்தில் வையுங்கள், ஐயா. சனிக்கிழமை நானும் வருகிறேன்; அறுத்த ரப்பர் இரண்டு என்னிடம் உபரியாக இருக்கிறது.