கல் வலி என்று நினைத்தோம், சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம்

என் மச்சானுக்கு நடந்தது இது, கொஞ்சம் நீளமாக இருக்கும். ஆளுக்கு நாற்பது கூட ஆகவில்லை. ராத்திரி சாப்பிட்டு எழுந்தவர் இடது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். விழவில்லை, அடிபடவும் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் கல்லாக இருக்கும் என்று வலிக்கு ஊசி போட்டு அனுப்பப் பார்த்தார்கள், ஆனால் எழுந்து நின்றதும் முகம் வெளுத்து, சட்டை நனைய வேர்த்து, பிரஷர் இறங்கிக்கொண்டே போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் சிடி எடுத்த பிறகுதான் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருப்பது தெரிந்தது. அடிபடாமல் இப்படி ரத்தம் கசிவதற்கு வுண்டர்லிச் சிண்ட்ரோம் என்று பெயராம். பெரும்பாலும் சிறுநீரகக் கட்டிதான் காரணம், இவருக்கோ கட்டியே இல்லை. ஆஞ்சியோ படத்தை டாக்டர் காட்டினார், ரத்தக்குழாய்க் கிளைகளில் மிளகு மிளகாகப் புடைப்புகள். பாலிஆர்ட்டிரைட்டிஸ் நோடோசா. நடுத்தர தமனிகளின் சுவர் அழற்சியில் நைந்து புடைத்து, அதில் ஒன்று வெடித்திருக்கிறது. தொடை வழியாகக் குழாய் விட்டு, கசிந்த கிளையை மட்டும் சின்ன உலோகச் சுருள் (coil) வைத்து அடைத்தார்கள், கிட்னியை எடுக்கவில்லை. அப்புறம் அழற்சியை அடக்க ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு மருந்துகள்.

எனக்கு ஆறவே ஆறாதது, அதற்கு முன்பு சில மாதங்களாகவே அவர் இளைத்துக்கொண்டு வந்தார், புதிதாக பிபி, வலது பாதத்தைத் தூக்க வராமல் செருப்பு தரையில் இழுபடும். பிபிக்கு ஒரு டாக்டர், காலுக்கு ஒருவர், இளைத்ததற்கு சுகர் டெஸ்ட். ஒரே நோயாக இருக்குமோ என்று மூன்றையும் சேர்த்து ஒருத்தரும் பார்க்கவில்லை.

பதில்:
தம்பி, நான் ஆஞ்சியோ அறையில் நர்ஸ். ஹெபடைடிஸ் பி பார்த்தார்களா? அந்த வைரஸால் இந்த நோய் வருவது உண்டு, வந்தால் வைரஸுக்கும் மருந்து தர வேண்டும். ஆன்கா (ANCA) என்ற ரத்த டெஸ்ட் நெகட்டிவ் என்று யாராவது வாஸ்குலைடிஸ், அதாவது ரத்தக்குழாய் அழற்சி, இல்லை என்றால் நம்ப வேண்டாம், இந்த நோயில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். எங்களிடம் வந்த ஒரு அம்மாவுக்கு கிட்னியில் ஊசி குத்தி துளி சதை எடுக்கும் பயாப்ஸிக்கு எழுதியிருந்தார்கள், பெரிய டாக்டர் வந்து முதலில் ஆஞ்சியோ எடுங்கள் என்று நிறுத்தினார். ஊசி புடைப்பில் பட்டால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. உங்கள் மச்சானுக்கு மறுபக்கக் கிட்னியிலும் கசியலாம், கவனமாக இருங்கள்.

மறுபடியும் நான்:
நன்றி அக்கா. பி வைரஸ் இல்லை என்று வந்துவிட்டது. இனி எந்தப் பக்கம் வலித்தாலும் நேரே சிடி இருக்கிற இடத்துக்குத்தான் போவோம். பாதத்துக்கு பெல்ட் போட்டு நடக்கிறார், பிபி மாத்திரை இன்னும் ஓடுகிறது.