டிஸ்க் எப்போதும் 100 சதவீதம்: எஸ்எஸ்டி போட்டால் சரியாகுமா?

நண்பர்களே, வீட்டு கம்ப்யூட்டர் ரொம்பவே திணறுகிறது. எதைக் கிளிக் செய்தாலும் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிரவுசர் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது.

டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிபியு 10 சதவீதத்தைத் தாண்டவில்லை, 8 ஜிபி ரேமில் பாதி காலி, ஆனால் டிஸ்க் மட்டும் 100-லேயே நிற்கிறது, அதுவும் நொடிக்கு 2 எம்பி கூடப் படிக்காமல். ஸ்டார்ட்டப்பில் வேண்டாதவற்றை நிறுத்தினேன், வைரஸ் ஸ்கேனும் செய்தாயிற்று. பெரிய மாற்றம் இல்லை.

உள்ளே இருப்பது 5400 ஆர்பிஎம், 1 டிபி ஹார்டு டிஸ்க். டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது, ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட பகுதிகள்) எண்ணிக்கையும் பூஜ்ஜியம் இல்லை. அதனால் போட்டோக்களையெல்லாம் முதலில் வெளி டிரைவுக்கு மாற்றிவிட்டேன். மஞ்சளைப் பார்த்தால் நீங்களும் மற்ற வேலையை விட்டுவிட்டு அதைச் செய்யுங்கள்.

எஸ்எஸ்டிதான் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிரைவ்) வழி என்று நினைக்கிறேன். மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இல்லை, அதனால் கேபிளில் இணைக்கும் 2.5 இன்ச் சாட்டா வகைதான். இருக்கும் போர்ட்டும் சாட்டா 2, அதாவது நொடிக்கு 300 எம்பிதான் உச்சம். புது எஸ்எஸ்டி 550 வரை போகும் என்றாலும் பாதி வேகம்தான் கிடைக்கும். சின்னச் சின்ன ஃபைல்களைப் படிப்பதில் அப்போதும் வித்தியாசம் நன்றாகத் தெரியுமா? இப்படிப் பழைய போர்டில் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் (முழு நகல்) செய்யலாமா, இல்லை விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நல்லதா?