முப்பதாயிரத்துக்குள் எலெக்ட்ரிக் கிட்டார் + ஆம்ப்: பேர் பெருசா இல்லாட்டியும் சத்தம் நல்லா இருக்கணும்

கேள்வி: மொட்டைமாடி_ராகம்

வணக்கம். கிட்டார், ஆம்ப் ரெண்டும் சேர்த்து 30,000 ரூபாய். அபார்ட்மெண்ட் வீடு, ராத்திரிதான் வாசிக்க நேரம். கிளீனும் (கரகரப்பில்லாத தெளிவான சத்தம்) லேசான க்ரஞ்ச்சும் (கொஞ்சம் கரகரப்பான சத்தம்) போதும், மெட்டல் வேண்டாம். கிட்டார் ஸ்குவயர் சோனிக் ஸ்ட்ராட் அல்லது யமஹா பசிபிகா 012. ஆம்ப்தான் குழப்பம். கடையில் 40 வாட் கீபோர்டு ஆம்ப் ஒன்றைக் காட்டி, "வாட் ஜாஸ்தி, ரெண்டுக்கும் ஆகும்" என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: சாலிடர்_வாசம்

எடுக்காதீங்க. கீபோர்டு ஆம்ப்பில் ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே அடங்கிவிடும். க்ரஞ்ச் காதுக்கு இதமாக இருப்பதற்குக் காரணமே அதுதான். அதே க்ரஞ்ச் ட்வீட்டர் வழியாக வந்தால் தேனீக்கூட்டம் மாதிரி இரையும்.

வாட் கணக்கையும் விடுங்க. வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ராத்திரி அபார்ட்மெண்ட்டில் 10 வாட்டையே பாதிக்கு மேல் திருக முடியாது.

என் தேர்வு வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10. 6.5 அங்குல ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் வசதி, கிளீன் இந்த அளவுப் பெட்டிக்கு அசாத்தியம். ரிவெர்ப் (எதிரொலி) கிடையாது. ஆரஞ்சு க்ரஷ் 12-ல் மிட் (நடு ஒலிகளுக்கான) குமிழும் இருப்பதால் க்ரஞ்ச் அதில் இன்னும் தடிமனாக வரும். க்ரஷ் 20 கைக்கு எட்டினால் 8 அங்குல ஸ்பீக்கர், தனித்தனி சேனல். அதற்குக் கூடுதலாகப் போடும் காசு வீண் போகாது.

சின்ன ஆம்ப் கேட்பவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, பாஸை முழுக்கத் திருகுவது. தடித்த ஈ கம்பியின் சுருதி 82 ஹெர்ட்ஸ். ஆறு அங்குல ஸ்பீக்கரால் அதைச் சரியாகத் தள்ள முடியாது, பெட்டிதான் அதிரும். பாஸ் 4, ட்ரெபிள் 5, கெயின் (க்ரஞ்ச்சைக் கூட்டும் குமிழ்) 3-ல் ஆரம்பியுங்க. ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் நாற்காலி மேல், காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்க. பாதி மந்தம் போய்விடும்.

பதில்: ஏழாம்_ஃப்ரெட்

ஆம்ப் விஷயத்தில் மேலே சொன்னதுதான் சரி. கிட்டாரில் எனக்கு பசிபிகா. பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கத்தில் ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) இருப்பதால் க்ரஞ்ச் மெலியாது. செகண்ட் ஹேண்டில் 112வி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்: ஆல்டர் மரம், ஆல்னிகோ பிக்கப், டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கர் சிங்கிள் காயிலாக (ஒற்றைச் சுருள்) மாறும்.

ஆனால் மாடலைவிட, கையில் எடுக்கும் அந்த ஒரு பீஸ்தான் முக்கியம். முதல் கம்பியில் 12-ஆவது ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) மேலே ஒவ்வொன்றாக முழு சுரம் பெண்ட் செய்யுங்க (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது). எங்காவது சத்தம் சட்டென்று செத்தால், ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) ரொம்பத் தாழ்ந்திருக்கலாம். கொஞ்சம் ஏற்றித் தரச் சொல்லுங்க. ஏற்றியும் செத்தால் ஃப்ரெட் மட்டம் சரியில்லை. அந்த பீஸ் வேண்டாம், ஃப்ரெட் வேலைக்கு ஆகும் கூலி இந்த விலைக்குக் கட்டாது.

வாங்கியபின் புதுக் கம்பி போட்டுச் சுருதி சேர்த்து, இந்த வரிசையில் போங்க. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டில் விரல்; எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி கால் மில்லிமீட்டர் இருக்கட்டும். அதிகமென்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் தண்டு) வலப்பக்கம் கால் சுற்று, அதற்குமேல் ஒரே தடவையில் வேண்டாம். அப்புறம் ஆக்ஷன்: 17-ஆவது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. கடைசியாக இன்டோனேஷன் (மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக இருப்பது): 12-ஆவதில் அழுத்திய சுரம் ஹார்மோனிக்கைவிட (அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) ஷார்ப்பாக (சுருதி ஏறி) இருந்தால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னால் தள்ளணும்.

சுருதி நிற்கவில்லை என்று உடனே ட்யூனர் (கம்பியை முறுக்கும் ஆணி) மாற்றிவிடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் காடிகள் உள்ள பட்டை). சுருதி சேர்க்கும்போது "டிங்" என்று சத்தம் வந்தால் கம்பி அங்கே சிக்குகிறது. காடியில் பென்சில் கரி தேய்த்தாலே பல நேரம் சரியாகும். காடி உயரமாக இருந்தால் முதல் மூன்று ஃப்ரெட்டில் கார்டுகள் ஷார்ப் அடிக்கும். அதற்குக் கரி உதவாது, அரம் வேண்டும்.

பிக்கப்பைக் கம்பிக்கு ஒட்டி ஏற்றாதீங்க. கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் தடித்த கம்பிக்குக் கீழே 2 மி.மீ., மெலிந்ததுக்கு 1.6 மி.மீ. இன்னும் நெருங்கினால் சிங்கிள் காயிலின் காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுரம் அலைபாயும்.

பதில்: மொட்டைமாடி_ராகம்

ரொம்ப நன்றிங்க. பசிபிகாவும் பாத்ஃபைண்டரும்தான். இன்னொன்று: சிங்கிள் காயில் இரைச்சல் வீட்டு வயரிங்காலா, கிட்டாராலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஆம்ப் ஒன்றும் மலிவாக வருகிறது.

பதில்: சாலிடர்_வாசம்

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அது வழக்கமானதுதான். தொட்டும் மாற்றமே இல்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கலாம், ஒரு சொட்டு சாலிடர் வேலை. நின்ற இடத்தில் உடம்பைத் திருப்பினால் இரைச்சல் ஏறி இறங்குகிறது என்றால் பக்கத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர், டிம்மர், அடாப்டர் எதுவோ ஒன்று. தொடும்போது கையில் சுரீர் என்றால் வாசிப்பதை நிறுத்திவிட்டு பிளக் பாயிண்ட்டின் எர்த்தை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்க. ஆம்ப்பின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரைச்சல் போச்சு என்று சந்தோஷப்படுகிறவர்களைக் கேட்காதீங்க, உயிருக்கே ஆபத்து.

அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட். நம்ம 230-ல் நேராகச் செருகினால் ஃபியூஸோடு நிற்காது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் கூட்டிப் பாருங்க, அப்புறம் அது மலிவா என்று தெரியும்.