அம்மா எடுத்து வெச்ச அவரை விதை, மூணு மாசமா வெறும் கொடிதான், புடுங்கிடலாமா?

வணக்கங்க. தர்மபுரி டவுன்ல இருக்கோம், வீட்டுக்குப் பின்னாடி ஒரு சென்ட் கூட தேறாது, அதுல நாலு கத்திரி, ரெண்டு மிளகா, ஒரு முருங்கை. அம்மா சித்திரையில தவறிட்டாங்க. அவங்க சாமானை ஒதுக்கும்போது கேவுரு டப்பாவுக்குள்ள ஒரு பழைய துணி முடிச்சு இருந்துச்சு, அவுத்தா சாம்பல்ல பொரட்டி வெச்ச அவரைக்கொட்டை, எண்ணுனா 11. ஆடி 18 அன்னிக்கு ஊனி வெச்சேன், எட்டு மொளைச்சுது. இப்ப ஐப்பசி கடைசி ஆயிருச்சு, கொடி பந்தலை மூடிட்டு போர்டிகோ கிரில்லு வரைக்கும் ஏறிருச்சு ஆனா ஒரு பூ கெடையாது. எங்க வீட்டுக்காரரு தெனமும் "காய்க்காத கொடிக்கு எதுக்கு இவ்ளோ எடம், அறுத்துட்டு கீரை போடு"ன்னு சொல்றாரு. பந்தலுக்கு மூங்கில், கயிறுன்னு 700 ரூவா ஆச்சு, அந்தக் கோவம் வேற அவருக்கு.

இன்னொண்ணு கேக்கவே கூச்சமா இருக்கு. தெனம் காலைல அரிசி கழுவுன தண்ணிய அதுக்கு ஊத்திட்டு பத்து நிமிஷம் அங்கயே நின்னுக்கறேன், சில நாள் பேசவும் செய்யறேன். கோயிலுக்குப் போனாக்கூட எனக்கு மனசு இப்படி அடங்கல. உங்களுக்கெல்லாம் இப்படி இருக்கா, இல்ல நான்தான் லூசு ஆயிட்டனா?

ஓசூர்_மாடி:
லூசுன்னா நாம ரெண்டு பேருங்க. நைட் ஷிப்ட் முடிச்சு காலைல வந்தா தூக்கம் வராது, மொட்டை மாடில 6 பை வெண்டை வெச்சிருக்கேன், வெண்டைப்பூ காலைல விரியும் மத்தியானம் போனா சுருண்டுக்கும், அந்த மஞ்சளுக்கு நடுவுல கருஞ்சிவப்பா ஒரு பொட்டு இருக்கும் பாருங்க, அதை பாத்துட்டு படுத்தாத்தான் எனக்கு தூக்கம். வாரத்துக்கு கால் கிலோ வருது. சந்தையில அதுக்கு என்ன வெலைன்னு நான் கேக்கறதே இல்ல.

பாலக்கோடு_தக்காளி:
ஆத்தா சாமி, அறுத்துடாதீங்க!! அது பழைய நாட்டு அவரை. ஆடியில போட்டாலும் சரி புரட்டாசியில போட்டாலும் சரி, பனி எறங்குனாத்தான் பூக்கும். ராத்திரி நீளமாகணும், அதுதான் அதுக்கு கணக்கு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல விட்ட குத்து அவரை ரகம்னா, கொடி ஓடாம குட்டைச் செடியா நிக்குமே அது, எந்த மாசமும் காய்க்கும், இது அப்படி இல்ல. எரு போட்டிருந்தா இனிமே போடாதீங்க, எலையாவே போயிரும். தண்ணியும் கொஞ்சம் கொறைங்க.

பூ வந்தா கூடவே கருப்பா செடிப்பேன் வந்து கொழுந்துல அப்பிக்கும். பனி ஈரம் காயறதுக்கு முன்னாடி அடுப்பு சாம்பல் தூவுங்க, அப்பத்தான் ஒட்டும். அடங்கலன்னா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கரைச்சு சாயங்காலமா அடிங்க.

மத்ததுக்கு என்ன சொல்றது. நான் ஒன்றரை ஏக்கரா தக்காளி போடறவன், செடியை பாத்தா எனக்கு கடன் தான் தெரியும், ராயக்கோட்டை மண்டில வெல விழுந்த வருஷம் பறிக்கற கூலி கட்டாம காட்டோட விட்டிருக்கோம். செடி மனசுக்கு நிம்மதின்னு டவுன்காரங்க சொன்னா சிரிப்பு வரும். ஆனா எங்கம்மா சலதாரை ஓரத்துல ஒரே ஒரு அவரைக்கொடி விடுவாங்க, அதுல ஒரு காய் வித்ததில்ல. களிக்கு அவரைக்கொட்டை குழம்பு வெச்சா நாலு வீட்டுக்கு கிண்ணம் போவும். எனக்கும் அந்த கொடிகிட்ட மட்டும் வெல ஞாபகம் வராதுங்க, ஏன்னு தெரியல.

காவேரிப்பட்டணம்காரி:
அக்கா போர்டிகோ கிரில்லுல ஏறிருச்சுன்னு சொன்னீங்களே, அங்க ராத்திரி பூரா பல்பு எரியுதா? எரிஞ்சா அணைச்சிருங்க. அண்ணன் சொன்ன மாதிரி அது ராத்திரி இருட்டை அளந்துதான் பூக்கும், வெளிச்சம் மேல விழுந்துட்டே இருந்தா இன்னும் பகல்னே நெனச்சுக்கும். எங்க தெரு லைட்டுக்கு கீழ இருந்த பக்கம் மட்டும் போன வருஷம் காயே இல்ல, நெழல் பக்கம் கொத்து கொத்தா காச்சுது.

அரூர்_மணி:
700 ரூவா பந்தலுக்கு கணக்கு பாக்கற உங்க வீட்டுக்காரரு, பல்புக்கு கரண்டு பில்லு பாக்கலயா 😄

கேள்வி கேட்டவங்க (மார்கழி 4):
எல்லாருக்கும் நன்றிங்க. பல்பு எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு, திருட்டு பயம்னு இவரு அணைக்கவே விடமாட்டாரு. கரண்டு பில்லு பதிலை படிச்சுக் காட்டுனேன், மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டாரு ஆனா அன்னிக்கே அணைச்சுட்டாரு. பந்தல் பக்கம் கார்த்திகை நடுவுலயே பூ எடுத்துருச்சு, ஊதா நெறம், அம்மா வெச்ச கொடி வெள்ளைப் பூன்னு இத்தனை வருஷமா நான் தப்பா நெனச்சிட்டு இருந்திருக்கேன். கிரில்லு பக்கம் இப்பத்தான் மொட்டு.

சின்ன வயசுல எங்க தெருவுல ஃப்ளோரைடு கலந்த உப்புத் தண்ணிதான், அம்மாவும் அந்த மாதிரி தண்ணி குடிச்சே வளந்தவங்க, பல்லெல்லாம் கறை, 2013ல ஒகேனக்கல் தண்ணி திட்டம் வர்ற வரைக்கும் நல்ல தண்ணிக்கு கொடம் தூக்கிட்டே அலைஞ்சாங்க. அப்பவும் பாத்திரம் கழுவுனது அரிசி கழுவுனது ஒரு சொட்டு கீழ போவாது, அவரைக்குத்தான். நேத்து அரிசி தண்ணி ஊத்தும்போது அந்த சொம்பை புடிச்சிருந்த விதம் அப்படியே அவங்க கை மாதிரி இருந்துச்சு. அழுவல. நின்னுட்டு இருந்தேன், அவ்ளோதான்.

மொத பறிப்பு ஒண்ணரை கிலோ, பக்கத்து வீட்டுக்கு ரெண்டு கை கொடுத்தேன். அடி கொடில நல்லா வெளஞ்ச நாலு காயை விதைக்குன்னு சிவப்பு நூல் கட்டி விட்டிருக்கேன். இவரு அதை பறிச்சுட்டு வந்துருவாரோன்னு தான் இப்ப பயம்.

அந்த பேனு வந்துருச்சுங்க பாலக்கோடு அண்ணா. கேஸ் அடுப்பு வீட்டுல சாம்பலுக்கு எங்க போறது?

பாலக்கோடு_தக்காளி:
டீக்கடை இல்ல பேக்கரில வெறகு அடுப்பு இருக்கான்னு பாருங்க. கேட்டா சும்மா தருவாங்க.